நம் கையால் ஒரு மேஜிக் கார்டு

1993 ஆகஸ்டில் ‘மேஜிக்: தி கேதரிங்’ முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது, அதில் ஐந்து கார்டுகள் ஒரே வார்ப்பில் செய்யப்பட்டிருந்தன. நிறத்துக்கு ஒன்று. ஐந்துக்கும் விலை ஒரே ஒரு மானா. ஐந்தும் மூன்று என்ற எண்ணைச் சுற்றி அமைந்தவை. வெள்ளையின் ‘ஹீலிங் சால்வ்’ மூன்று உயிர்ப்புள்ளி தரும், அல்லது மூன்று அடியைத் தடுக்கும். நீலத்தின் ‘ஆன்செஸ்ட்ரல் ரீகால்’ மூன்று கார்டு எடுக்க விடும். கறுப்பின் ‘டார்க் ரிச்சுவல்’ மூன்று மானா கொடுக்கும். சிவப்பின் ‘லைட்னிங் போல்ட்’ மூன்று அடி கொடுக்கும். பச்சையின் ‘ஜயன்ட் க்ரோத்’ ஒரு கிரீச்சருக்கு அந்த டர்ன் முடியும்வரை +3/+3 சேர்க்கும்; முதல் எண் தாக்கு வலு, இரண்டாவது தாங்கு வலு.

எழுதி வைத்துப் பார்த்தால் ஐந்தும் சமம். ஆடும்போது கதை வேறு. ஆன்செஸ்ட்ரல் ரீகாலை ‘வின்டேஜ்’ வகை ஆட்டத்தில் டெக்குக்கு ஒன்றுதான் வைக்கலாம். ‘லெகசி’ வகையில் அதற்கும் இடமில்லை. லைட்னிங் போல்ட் முப்பது ஆண்டு கடந்தும் சிவப்பு ஆட்டக்காரர்களின் செல்லக் கார்டு. ஹீலிங் சால்வை டெக்கில் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ரீகாலை மட்டும் ரேராகவும் மற்ற நான்கைக் காமனாகவும் அச்சிட்டதைப் பார்த்தால், அதன் வலு முன்பே ஓரளவு தெரிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எவ்வளவு வலு என்பது ஆயிரக்கணக்கானோர் ஆடிய பிறகுதான் வெளிப்பட்டது.

பொழுதுபோக்காகக் கார்டு செய்யத் தொடங்குபவர் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். கார்டு முழுமை பெறுவது மேசையில், திரையில் அல்ல. நல்ல படம் தேடி, சட்டகத்தில் பொருத்தி, பெயர் சூட்டி, நண்பர்களுக்கு அனுப்பியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கார்டுகள் வாசிக்கச் சுவையாக இருக்கும். கையில் வந்தால் என்ன ஆகும் என்பது செய்தவருக்கே தெரியாது. ஆடிப் பார்க்காத கார்டைப் பாதிக் கார்டாகவே நான் எண்ணுகிறேன். அதனால் இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சிறிய கார்டை எடுத்து, எண்ணத்தில் தொடங்கி மேசைவரை கொண்டுபோகப் போகிறோம்.

ஒரு காட்சியும் ஒரு செயலும்

காவிரியில் பரிசல் ஓட்டுபவரைக் கார்டாக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவில் பெரும்பாலும் எல்லாமே வந்து சேரும்: களத்துக்கு வந்ததும் ஒரு கார்டு எடு, ஒரு கிரீச்சரைக் கைக்குத் திருப்பு, ஆற்று நிலம் இருந்தால் +1/+1, செத்தால் டெக்குக்குத் திரும்பு. ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரு நியாயம் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் நான்கு வரியையும் படித்து, நினைவில் வைத்து, அடுத்த கார்டுக்குப் போக வேண்டும். அவரிடம் இவர் பரிசல்காரர் என்று எந்த வரி சொல்கிறது? ஒன்றுமில்லை.

ஆகவே கேள்வியைச் சுருக்குங்கள். பரிசல்காரர் என்ன செய்கிறார்? தன்னோடு ஒருவரை ஏற்றி அக்கரை சேர்க்கிறார். மேஜிக் ஆட்டத்தில் அக்கரை என்பது எதிராளி. இடையில் ஓடும் ஆறு, அவர் தடுப்புக்கு நிறுத்தியிருக்கும் கிரீச்சர்கள். ஆக, பரிசல்காரர் இன்னொரு கிரீச்சரைத் தடுக்க முடியாதபடி செய்கிறார். இந்த ஒரு வரி போதும். மற்ற மூன்றையும் அடித்துவிடுங்கள். நல்ல வரியாக இருந்தால் வேறு கார்டுக்குப் பயன்படும். அதற்கென ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்த வேலை, இதே வேலையைச் செய்யும் கார்டு முன்பே வந்திருக்கிறதா என்று பார்ப்பது. ‘ஸ்க்ரைஃபால்’ என்ற தேடல் தளத்தில் விதி வாசகத்தின் சொற்களைக் கொண்டே தேடலாம். தேடினால் 2002இல் ‘ஆன்ஸ்லாட்’ தொகுப்பில் வந்த ‘கிராஃப்டி பாத்மேஜ்’ கிடைக்கும். மூன்று மானா, 1/1 அளவு. அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால், தாக்கு வலு 2 அல்லது அதற்குக் குறைவான ஒரு கிரீச்சரை அந்த டர்னில் தடுக்க முடியாது. நம் எண்ணத்தை நமக்கு முன்பே ஒருவர் செய்துவிட்டார் என்று சோர்ந்துபோக வேண்டாம். பல்லாயிரம் கார்டுகள் அச்சான ஆட்டத்தில் இது இயல்பு. அந்தக் கார்டு ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

‘2 அல்லது அதற்குக் குறைவான’ என்ற வரம்பு எதற்கு? அது இல்லாவிட்டால் பச்சை டெக்கின் 6/6 கிரீச்சர் ஒவ்வொரு டர்னும் தடையின்றிப் போகும். 20 உயிர்ப்புள்ளி நான்கே அடியில் தீர்ந்துவிடும். எதிராளி களத்தில் எத்தனை பேரை நிறுத்தினாலும் பயனில்லை. வரம்பு வந்ததும் சின்ன கிரீச்சர்களுக்கு மதிப்பு கூடுகிறது, ஆட்டமும் மூச்சு விடுகிறது. நமக்கோ இது இரட்டை லாபம். பரிசல் சிறியது, யானையை ஏற்றாது. விதிக்குத் தேவையான வரம்பும் கதைக்குத் தேவையான வரம்பும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இப்படி அமையும் கார்டை எதிராளி ஒருமுறை படித்தால் போதும், மறக்க மாட்டார்.

நம் கார்டு எங்கே விலக வேண்டும்? பாத்மேஜ் பின்னால் உட்கார்ந்தபடியே வேலை செய்கிறார். பரிசல்காரர் அப்படி இருக்க முடியாது. துடுப்பு அவர் கையில்தான். அவரும் ஆற்றில் இறங்க வேண்டும். எனவே: ‘பரிசல்காரர் தாக்கும்போதெல்லாம், தாக்கு வலு 2 அல்லது குறைவான வேறொரு தாக்கும் கிரீச்சரை இந்த டர்னில் தடுக்க முடியாது.’ ஏறியவர் பத்திரமாகப் போய்ச் சேர்வார். ஏற்றிப்போனவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இப்போது ஒவ்வொரு டர்னும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: இவரைப் பணயம் வைக்கலாமா, வேண்டாமா? ஆடுபவர் கையில் இப்படி ஒரு முடிவைக் கொடுக்கும் கார்டே நல்ல கார்டு என்பது என் அளவுகோல்.

நிறம் என்னும் வேலி

மேஜிக்கின் ஐந்து நிறங்களும் தங்களுக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டவை. நீலம் கார்டு எடுக்கும், எதிராளியின் மந்திரத்தை முறிக்கும். களத்துக்கு வந்துவிட்ட கிரீச்சரை அழிக்கத் தடுமாறும். சிவப்பு நேரடியாக அடிக்கும். என்சான்ட்மென்ட் வகைக் கார்டு ஒன்று களத்தில் உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் கையைப் பிசையும். கறுப்பு கொல்லும், ஆனால் பல நேரம் தன் உயிர்ப்புள்ளியைக் கொடுத்துத்தான் எதையும் வாங்கும். பச்சைக்குப் பெரிய உடல்களும் மானா பெருக்கமும். வெள்ளைக்குச் சிறுபடையும் உயிர் மீட்பும்.

ஒரு நிறத்தால் முடியாதது எது என்பதுதான் அந்த நிறத்துக்கு முகம் தருகிறது. 1993 தொகுப்பில் ‘சயானிக் பிளாஸ்ட்’ என்ற நீலக் கார்டு இருந்தது: மூன்று மானாவுக்கு நான்கு அடி, நமக்கு இரண்டு அடி. நீல டெக்குக்கு இருந்த ஒரே கவலையையும் அது தீர்த்துவைத்தது. 2005இல் ‘ராவ்னிகா’ தொகுப்பில் ‘சார்’ என்ற பெயரில் அதே வேலை, ஒரு மானா கூடுதல் விலையில், சிவப்புக்கு வந்தது. அது இருக்க வேண்டிய வீடும் அதுதான். தங்களுக்குப் பிடித்த நிறத்தின் குறையைத் தீர்க்கும் கார்டைத்தான் புதியவர்கள் முதலில் செய்ய விரும்புவார்கள். அந்த ஆசையை அடக்குங்கள். தடுக்க முடியாதபடி நழுவிப் போவது நீலத்தின் பழைய சொத்து. பரிசல்காரர் வேலி தாண்டாமல் நீலத்திலேயே இருக்கலாம்.

விலையும் அளவும்

இங்கே நிதானமாகப் போக வேண்டும். விலை வைக்க ஓர் அடிக்கோல் தேவை. எனக்குப் பிடித்த கோல் ‘க்ரிஸ்லி பேர்ஸ்’. முதல் தொகுப்பிலேயே வந்த பச்சைக் கார்டு; இரண்டு மானா, 2/2, விதி வாசகம் ஒன்றுமே கிடையாது. எந்த கிரீச்சரைச் செய்தாலும் அதன் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். நம் கார்டில் விதி ஒன்று சேர்ந்தால் உடலில் ஏதாவது குறைய வேண்டும், அல்லது விலை ஏற வேண்டும்.

பரிசல்காரருக்கு இரண்டு மானா என்று கொள்வோம். அதில் ஒன்று நீலம். உடல் 1/3 என்றால்? பார்க்க அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆடிப் பாருங்கள். எதிரே 2/2 நிற்கிறது. பரிசல்காரர் தாக்குகிறார், தடுக்கப்படுகிறார், இரண்டு அடியையும் வாங்கிக்கொண்டு உயிரோடு திரும்புகிறார். ஆபத்து என்று நாம் நினைத்தது இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு டர்னும் யோசிக்காமல் தாக்கலாம் என்றானதும் முடிவு எடுக்கும் சுகமும் போயிற்று.

சரி, 2/1? இப்போது தடுத்தால் சாவார். ஆனால் தடுத்த 2/2வையும் கூட்டிக்கொண்டு போவார். எதிராளி தடுக்கவே தயங்குவார். கார்டு நாம் நினைத்ததைவிட முரடாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. களத்தில் இரண்டு பரிசல்காரர்கள் இருந்தால் என்ன ஆகும்? இவர் அவரை ஏற்றுவார், அவர் இவரை ஏற்றுவார். இருவரையும் தடுக்க முடியாது. டெக்கில் ஒரே கார்டு நான்கு பிரதிவரை இருக்கலாம் என்பதால் இது அடிக்கடி நடக்கும். 2/1 என்றால் இரண்டாம் டர்னில் ஒருவர், மூன்றாம் டர்னில் இன்னொருவர் என இறங்கியதும், நான்காம் டர்னிலிருந்து டர்னுக்கு நான்கு அடி தடையில்லாமல் விழும். 1/2 என்றால் இரண்டே அடி, தாங்கலாம். தடுத்தால் 2/2விடம் செத்தும் போவார். ஆகவே 1/2. எந்தக் கார்டைச் செய்தாலும் இரண்டாம் பிரதி பக்கத்தில் வந்து நின்றால் என்ன ஆகும் என்று கட்டாயம் கேளுங்கள். தனியாகப் பார்த்தபோது தெரியாத பாதி விஷயம் அங்கே தெரியும்.

ஓர் எண் மாறினால் எவ்வளவு மாறும் என்பதற்கு ‘ஸ்கல்கிளாம்ப்’ நல்ல சாட்சி. 2004 பிப்ரவரியில் ‘டார்க்ஸ்டீல்’ தொகுப்பில் வந்த ஆயுதக் கார்டு. விலை ஒரு மானா, ஒரு கிரீச்சருக்கு மாட்ட இன்னொரு மானா. மாட்டியவருக்கு +1/-1, அவர் செத்தால் நமக்கு இரண்டு கார்டு. அந்த -1, உருவாக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மாற்றிய எண். பார்க்கத் தண்டனைபோல் இருக்கிறது அல்லவா? ஆனால் தாங்கு வலு 1 உள்ள கிரீச்சருக்கு மாட்டினால் அது அப்போதே சாகும். அதாவது ஒரு மானா செலவில் ஒரு குட்டி கிரீச்சரை இரண்டு கார்டாக மாற்றலாம், திரும்பத் திரும்ப. அதே ஆண்டு ஜூனில் அதை ‘ஸ்டாண்டர்டு’ வகை ஆட்டத்தில் தடை செய்தார்கள். முழுநேரமும் இதே தொழிலாக இருக்கும் அறையிலேயே இது நடந்தது. கடைசி நிமிடத்தில் ஓர் எண்ணை மாற்றினால், மாற்றிய பிறகு மறுபடி ஆடிப் பாருங்கள்.

அரிதளவைப் பற்றி ஒரு சொல். கார்டுக்கு வலு அதிகம், அதனால் ரேர் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். காமன் என்பது அடிக்கடி கையில் வரும் கார்டு. அதனால் படித்ததும் புரிய வேண்டிய கார்டு. மேஜிக்கின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் 2011இல் ‘நியூ வேர்ல்டு ஆர்டர்’ என்ற தலைப்பில் இதை விரிவாக எழுதினார்: புதியவர் திணறாமலிருக்க, சிக்கலான கார்டுகளைக் காமனிலிருந்து மேலே நகர்த்துவது என்பது அதன் சாரம். பரிசல்காரர் ஒரே வரி, காமனாகவே இருக்கட்டும். முதலில் நல்ல காமன் கார்டுகளைச் செய்யப் பழகியவர்கள் பிறகு ரேர் செய்யும்போதும் தெளிவாகச் செய்கிறார்கள்.

வாசகம்

மேஜிக் தமிழில் அச்சாவதில்லை. உங்கள் கார்டு அச்சுக் கார்டுகளோடு கலந்து ஆட வேண்டியது. ஆகவே விதி வாசகத்தை ஆங்கிலத்திலேயே, அச்சுக் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். பெயரும் சாய்வெழுத்துக் கதைவரியும் தமிழில் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அழகாகவும் இருக்கும்.

கிரீச்சரின் திறன்கள் மூன்று வகை. ‘வென்’, ‘வெனெவர்’, ‘அட்’ என்று தொடங்குபவை ஏதோ ஒன்று நடந்ததும் தானாகக் கிளம்புபவை. நடுவே முக்காற்புள்ளி இருந்தால் இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் பலன். ஆடுபவர் விரும்பும்போது செலவு செய்து பயன்படுத்துவார். இரண்டும் இல்லாவிட்டால் கார்டு களத்தில் இருக்கும்வரை எப்போதும் செல்லும் விதி. உங்கள் எண்ணம் இவற்றில் எது என்று தெரிந்த பிறகு எழுதத் தொடங்கினால் குழப்பம் பாதி குறையும். வாசகத்துக்கு மாதிரியாகப் புதிய தொகுப்பையே பாருங்கள். கிரீச்சர் களத்துக்கு வருவதைக் குறித்த ‘என்டர்ஸ் தி பேட்டில்ஃபீல்டு’ என்ற நீண்ட தொடர், 2024இல் வந்த ‘ப்ளூம்பரோ’விலிருந்து ‘என்டர்ஸ்’ என்று சுருங்கிவிட்டது.

பரிசல்காரரின் வாசகத்தில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. தாக்கு வலு 2 என்ற வரம்பைத் தாக்குதல் அறிவித்த நேரத்தில்தான் பார்க்கிறோம். பரிசலில் ஏற்றிய பிறகு அந்தக் கிரீச்சர்மேல் ஜயன்ட் க்ரோத் போட்டால்? 2/2 என்பது 5/5 ஆகும், தடுக்கவும் முடியாது. இதை ஓட்டை என்று அடைக்கத் தோன்றும். அடைக்காதீர்கள். இரண்டு நிறம் சேர்த்து, இரண்டு கார்டு செலவழித்து, ஒரு டர்னுக்கு மட்டும் கிடைக்கும் லாபம் அது. கண்டுபிடிப்பவர் மகிழ்ந்துபோவார். வலுவான சேர்க்கை ஒவ்வொன்றும் ஆபத்து அல்ல. எத்தனை கார்டு வேண்டும், எத்தனை முறை நடக்கும், எதிராளிக்கு நடுவில் பதில் சொல்ல வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

காகிதத்தில் முதல் பிரதி

இந்தக் கட்டத்தில் படம் தேட வேண்டாம். கார்டின் அளவு 63 × 88 மி.மீ. ஏ4 தாளில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என ஒன்பது கட்டம் அடங்கும். பெயர், விலை, வகை, வாசகம், உடல் அளவு; இவ்வளவையும் பேனாவால் எழுதி வெட்டினால் போதும். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய கார்டை வைத்து, அதன் முன்னால் இந்தத் தாளைச் செருகுங்கள். கலைக்கும்போது மற்றவற்றோடு வித்தியாசம் தெரியாது. கையெழுத்துப் பிரதியில் பெரிய நன்மை ஒன்று உண்டு: அடித்துத் திருத்த மனம் வலிக்காது. படமும் சட்டகமும் போட்டு அழகாக்கிய கார்டை மாற்ற யாருக்கும் கை வராது.

40 கார்டு டெக் ஒன்றைக் கட்டுங்கள்; 17 நிலம், மீதி 23. அதில் பரிசல்காரர் மூன்று பேர். அப்போதும் சில ஆட்டங்களில் அவர் கைக்கே வராமல் போகலாம்; சோதனைதானே, தொடக்கக் கையில் ஒரு பிரதியை வலிய வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். வேகமாக அடிக்கும் டெக்கோடு ஆடுங்கள், மெதுவாக நகரும் டெக்கோடும் ஆடுங்கள், பிறகு இரு பக்கமும் பரிசல்காரர்கள் இருக்கும்படி ஆடுங்கள். நீங்கள் எதிரணியில் உட்காருவது மிக முக்கியம். நாம் செய்த கார்டு நம்மையே அடிக்கும்போதுதான் அதன் குணம் தெரிகிறது.

நண்பரிடம் கார்டை விளக்காதீர்கள். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் இரண்டாம் முறை படித்தால், அல்லது ‘இது எனக்கா உனக்கா’ என்று கேட்டால், திருத்த வேண்டியது வாசகத்தை. கையில் கார்டு வந்தும் பல டர்ன் போடாமலே வைத்திருந்தால், விலை கூடுதல் அல்லது பலன் மங்கல். எந்த ஆட்டத்திலும் அதை முதலில் போடுவதே சரி என்றானால், விலை குறைவு. ஆட்டம் முடிந்ததும் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் அன்பினால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். ‘எப்போது இதைப் போட யோசித்தாய்?’ என்று கேளுங்கள். உருப்படியான பதில் வரும்.

படம், அச்சு, உரிமை

கார்டு நிலைபெற்ற பிறகு அழகுபடுத்தலாம். ‘மேஜிக் செட் எடிட்டர்’ என்ற இலவச மென்பொருளில் சட்டகம், மானா குறி, எழுத்து எல்லாம் தயாராக இருக்கும். செய்த கார்டுகளை ஒரு தொகுப்பாகவும் காக்கலாம். அச்சுக்கு 300 டிபிஐ என்றால் 744 × 1039 பிக்சல். அச்சகத்தில் கொடுப்பதானால் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள், வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாது. படத்துக்கு, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 முதல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டிருக்கும் படங்கள் பெரிய களஞ்சியம். வாழும் ஓவியரின் படமானால் கேட்டு வாங்குங்கள். யார் வரைந்தார் என்பதைக் கார்டின் அடியில் எழுதுங்கள். முதல் தொகுப்பிலிருந்தே மேஜிக் அதைச் செய்துவருகிறது.

விசிறிகள் செய்யும் படைப்புகளுக்கு, மேஜிக்கை வெளியிடும் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனம் ஒரு கொள்கையை அறிவித்திருக்கிறது. சுருக்கம்: இலவசமாகக் கொடுக்கலாம், விற்கக் கூடாது, அவர்களுடைய சின்னங்களைப் போடக் கூடாது. பின்பக்கத்தையும் அசல் கார்டுபோல் அச்சிடாதீர்கள். அதிகாரப்பூர்வப் போட்டிகளில் நம் கார்டு செல்லாது. உடன்பட்டு உட்காரும் நண்பர்கள் வட்டமே அதன் களம். கார்டை நிறுவனத்துக்கு அனுப்பவும் வேண்டாம். கேட்காமல் வரும் வடிவங்களை, சட்டச் சிக்கல் கருதி, அங்குள்ள வடிவமைப்பாளர்கள் படிப்பதில்லை. அவர்களே கேட்ட காலங்களும் உண்டு. ‘யூ மேக் தி கார்டு’ என்ற பெயரில் வாசகர்களை வாக்களிக்க வைத்துப் படிப்படியாகச் செய்த கார்டுகளில் ஒன்றுதான் 2004இல் வந்த ‘க்ரூசிபிள் ஆஃப் வேர்ல்ட்ஸ்’. 2006இல் நடந்த ‘கிரேட் டிசைனர் சர்ச்’ போட்டியில் அலெக்சிஸ் ஜான்சன் வென்றார். அதில் கலந்துகொண்ட கென் நாகல் பின்னர் அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்த அத்தியாயத்தில் முழுத் தொகுப்பு ஒன்றின் எலும்புக்கூட்டை வரையப் போகிறோம். அதற்குள் நிறத்துக்கு ஒன்றாக ஐந்து காமன் கிரீச்சர்களைச் செய்து வையுங்கள். ஒவ்வொன்றும் மூன்று மானாவுக்குள், ஒரே ஒரு விதி வரியோடு இருக்கட்டும். ஐந்தையும் கையால் எழுதி, உறையில் போட்டு, வாரக்கடைசியில் நண்பரோடு ஆடுங்கள். எந்த எண்ணை எதற்காக மாற்றினீர்கள் என்பதைக் கார்டின் பின்பக்கத்திலேயே தேதியோடு குறித்து வையுங்கள். தொகுப்பைக் கட்டும்போது அந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டுதான் தொடங்குவோம்.